துண்டு துண்டாய் வந்து சேரும் கோப்பு



கைப்பேசியில் ஒரு பாட்டை இறக்குவதும், கணினியில் ஒரு பாடநூலை இறக்குவதும் இன்று தோட்டத்து வீடுகளிலும் அன்றாட வேலையாகிவிட்டன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட, "டவுன்லோட் பண்ணிட்டேன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறது. எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள், வந்து எந்த இடத்தில் தங்கியது என்று கேட்டால் பதில் வருவதில்லை. கேட்கிற பெற்றோருக்கும் அது புரியாத சங்கதியாக இருப்பதால், பேச்சு அத்தோடு முடிந்துபோகிறது.

இந்தப் பதிவிறக்கம் என்ற காரியத்துக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் அறிவும் உழைப்பும் இருக்கின்றன. வழக்கும் சிறையும் இருக்கின்றன. நம் வீட்டுப் பணத்துக்கும் மானத்துக்கும் சம்பந்தப்பட்ட பாடங்களும் இருக்கின்றன. அதைத்தான் இன்றைய பேச்சில் சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணினியில் சேர்த்து வைக்கப்படும் கடிதம், படம், பாட்டு, திரைப்படம், கணக்கு ஏடு எதுவாயினும் அதற்குக் 'கோப்பு' என்று பெயர். ஓர் ஊர்க் கணினியில் இருக்கும் கோப்பை இன்னோர் ஊர்க் கணினிக்குக் கொண்டுவருவது எப்படி? இந்தக் கேள்விக்கு முறையான விதிகளை முதன்முதலில் எழுதிக் கொடுத்தவர் ஓர் இந்தியர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அபய் பூஷண் என்பது அவர் பெயர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முதல் அணியாகப் படித்துத் தேறியவர்களில் ஒருவர். பிறகு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்றார். அங்கிருந்தபோது, 1971-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கோப்புகளை அனுப்பவும் பெறவும் வேண்டிய விதிமுறையை எழுதி வெளியிட்டார். 'எஃப்.டி.பி.' என்று அழைக்கப்பட்ட அந்த முறை பல பத்தாண்டுகள் உலகமெங்கும் வழக்கில் இருந்தது.

ஆனால் அன்று அந்த வசதி பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் மட்டுமே கிடைத்தது. சாதாரண மனிதனிடம் இருந்தது வீட்டுத் தொலைபேசிக் கம்பி ஒன்றுதான். அந்தக் கம்பியிலோ இரைச்சல் அதிகம். பாதி வழியில் ஓர் எழுத்து கெட்டுப்போனாலும் கோப்பு முழுவதும் பயனற்றதாகிவிடும். இதற்கு 1977-ஆம் ஆண்டில் சிக்காகோவைச் சேர்ந்த வார்டு கிறிஸ்டென்சன் என்பவர் ஓர் எளிய வழி கண்டார். கோப்பை 128 எழுத்துகள் கொண்ட சிறு கட்டுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டிலும் உள்ள எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டி, அந்தக் கூட்டலைக் குறிக்கும் ஓர் எண்ணைக் கட்டின் கடைசியில் சேர்த்து அனுப்பினார். பெறுகிற கணினி தானும் கூட்டிப் பார்க்கும். கணக்கு ஒத்துப்போனால் "அடுத்ததை அனுப்பு" என்று சொல்லும். ஒத்துப்போகாவிட்டால் "இதையே மறுபடி அனுப்பு" என்று கேட்கும். பெரிய சுமையைச் சிறு கட்டுகளாக்கு, ஒவ்வொரு கட்டையும் சோதித்து வாங்கு என்ற இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் பெரிய மாறுதலுக்கு இதுவே விதை.

1990-களில் இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மலேசியாவில் ஜாரிங் சேவையும், அதன்பின் 1996-இல் டி.எம்.நெட் சேவையும் தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தை வீடுகளுக்குக் கொண்டுவந்தன. அந்தக் கம்பியின் வேகம் மிகச் சிறந்த நிலையில் விநாடிக்கு 56 கிலோபிட். 5 மெகாபைட் அளவுள்ள ஒரு பாட்டை இறக்க ஏறத்தாழ 12 நிமிடம் ஆகும். ஒரு குறுந்தட்டு அளவான 700 மெகாபைட் கோப்பை இறக்க, இடைவிடாமல் ஓடினாலும் 28 மணி நேரம் ஆகும்! இருபதாவது மணி நேரத்தில் யாராவது தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். பல நேரங்களில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு வேண்டிய விதி இணையப் பக்கங்களை அனுப்பும் முறையில் 1997-இல்தான் முறையாகச் சேர்க்கப்பட்டது.

வேகம் கூடினாலும் தீராத ஒரு தொல்லை இருந்தது. அதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்குவது சுலபம். லயத்துக்கு ஒரே ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு குடும்பங்கள் பிடித்தால் குடம் சீக்கிரம் நிறையும். நாற்பது குடும்பங்கள் வந்தால் வரிசை நீளும். தண்ணீரும் நூலாக இறங்கும். இணையத்திலும் அப்படியே. ஒரு நல்ல கோப்பை வைத்திருக்கும் கணினியிடம் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் அந்தக் கணினி திணறிப்போகும். கோப்பு எவ்வளவுக்கு எவ்வளவு பேர் விரும்புவதாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அது கிடைப்பது கடினம். கொடுக்கிறவருக்குச் செலவும் ஏறிக்கொண்டே போகும்.

1999-ஆம் ஆண்டில் ஷான் ஃபேனிங் என்ற கல்லூரி மாணவர் 'நாப்ஸ்டர்' என்ற நிரலை வெளியிட்டார். ஒருவர் கணினியில் இருக்கும் பாட்டை இன்னொருவர் நேரடியாக எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. பாட்டுகள் மக்களின் கணினிகளில் இருந்தன. யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நாப்ஸ்டர் நிறுவனத்திடம் இருந்தது. உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் அதில் சேர்ந்தார்கள். பாட்டுக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? அதே ஆண்டு டிசம்பரில் வழக்குத் தொடர்ந்தன. நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2001 ஜூலையில் அந்தச் சேவை நின்றது. பட்டியல் ஒரே இடத்தில் இருந்ததால், அந்த ஓர் இடத்தைப் பூட்டியதும் எல்லாம் அடங்கிவிட்டது.

நடுவில் பட்டியலே இல்லாத முறைகளும் வந்தன. 2000-இல் 'நுடெல்லா' என்பது வெளியாயிற்று. ஆனால் அதில் வேறொரு நோய் வெளிப்பட்டது. அதே ஆண்டில் இரண்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தபோது, அதைப் பயன்படுத்தியவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஒரு கோப்பைக்கூடப் பிறருக்குக் கொடுக்கவில்லை என்று தெரிந்தது. எல்லாருக்கும் வாங்கத்தான் கை நீண்டதே தவிர, கொடுக்க நீளவில்லை! ஒரு சிலர் தலையில் முழுச் சுமையும் விழுந்தது. மனிதர் குணத்தை நம்பி மட்டும் ஓர் ஏற்பாட்டைச் செய்தால் இப்படித்தான் முடியும் போலும்.

இந்த இடத்தில்தான் பிராம் கோகென் என்ற அமெரிக்க நிரலர் வருகிறார். 1975-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 2001-ஆம் ஆண்டில் தாம் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு ஒரு புதிய முறையை எழுதத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் அதனை வெளியிட்டார். நாப்ஸ்டர் அடங்கிய அதே மாதம் என்பதைக் கவனியுங்கள். அந்த முறைக்கு 'பிட்டோரண்ட்' என்று பெயர். 'டோரண்ட்' என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அது இதுதான்.

அதன் சூட்சுமம் என்ன? முன்னே சொன்ன சிறு கட்டுக் கருத்தை அவர் பெரிதாக்கினார். கோப்பைப் பல துண்டுகளாக வெட்ட வேண்டும். தொடக்க காலத்தில் ஒரு துண்டு பெரும்பாலும் 256 கிலோபைட் அளவில் இருந்தது. முதலில் முழுக் கோப்பும் ஒருவரிடம் மட்டும் இருக்கும். அவர் ஒருவருக்கு முதல் துண்டையும், இன்னொருவருக்கு ஐம்பதாம் துண்டையும், மற்றொருவருக்கு நூறாம் துண்டையும் கொடுப்பார். வாங்கியவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். ஆகவே வாங்குகிற ஒவ்வொருவரும் அந்த நிமிடம் முதலே கொடுக்கிறவராகவும் ஆகிறார். கூட்டம் கூடக் கூட வரிசை நீளுவதற்குப் பதில், குழாய்களும் கூடுகின்றன! ஒற்றைக் குழாயின் தொல்லை இப்படித் தீர்ந்தது. தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960-களில் கூட்டுறவின் மூலம் தோட்டங்களையே வாங்கிய நாட்டில், சிறு பங்குகளின் வலிமையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வாங்கிக்கொண்டு கொடுக்காமல் ஓடிவிடுகிறவர்களுக்கு என்ன மருந்து? அதற்கும் கோகென் வழி வைத்தார். கல்யாண வீட்டு மொய் நமக்குத் தெரியும். எனக்குச் செய்தவருக்கு நான் செய்வேன் என்பதுதான் அதன் கணக்கு. இந்த நிரலும் அவ்வாறே பார்க்கிறது. பத்து விநாடிக்கு ஒருமுறை, தனக்கு அதிகமாகக் கொடுத்தவர் யார் என்று பார்த்து அவர்களுக்கே முதலிடம் தருகிறது. அப்படியானால் கையில் ஒன்றுமே இல்லாமல் புதிதாக வந்தவர் கதி என்ன? முப்பது விநாடிக்கு ஒருமுறை, கணக்குப் பார்க்காமல் யாரேனும் ஒருவருக்கு இலவசமாகக் கொடுத்துப் பார்க்கிறது. லயத்துக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்கு முதல் நாள் ஒரு படி அரிசி கொடுப்பதைப் போன்றது இது. இன்னொன்று: கூட்டத்தில் எந்தத் துண்டு மிக அரிதாக இருக்கிறதோ அதையே முதலில் வாங்க முயல்கிறது. அரிதானதை வைத்திருப்பவர் திடீரென்று போய்விட்டால் யாருக்குமே முழுக் கோப்பு கிடைக்காது அல்லவா? ஆகவே அதை முதலில் பரப்பிவிட வேண்டும்.

முன்பின் தெரியாதவரிடமிருந்து வரும் துண்டை எப்படி நம்புவது? ரப்பர் தோட்டத்தில் பால் ஸ்டோரில் கிராணி என்ன செய்வார்? வாளியில் இருக்கும் பாலை அளப்பதோடு விடமாட்டார். தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் சோதிப்பார். இங்கேயும் சோதனை உண்டு. 'டோரண்ட்' கோப்பு என்பது பாட்டோ படமோ அல்ல. அது ஒரு சிறு பட்டியல். மொத்தம் எத்தனை துண்டு, ஒவ்வொரு துண்டின் 'கைரேகை' என்ன என்ற விவரங்கள் அதில் இருக்கும். வந்த துண்டின் கைரேகை ஒத்துப்போகாவிட்டால் நிரல் அதைத் தள்ளிவிட்டு வேறொருவரிடம் கேட்கும். ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. முதலில் வெளியிட்டவர் வைத்தது மாறாமல் வந்திருக்கிறது என்று மட்டுமே கைரேகை சொல்லும். முதலில் வைத்ததே நஞ்சாக இருந்தால், அந்த நஞ்சும் குறையாமல் வந்து சேரும்!

இந்த முறையால் உலகுக்கு நன்மை விளைந்ததா என்றால், விளைந்தது. லினக்ஸ் என்ற இலவச இயக்க நிரலைப் பரப்புகிறவர்கள் இதைப் பயன்படுத்தினர். 2003-இல் 'ரெட் ஹாட் 9' வெளியானபோது ஆயிரக்கணக்கானோர் இம்முறையில் அதைப் பெற்றுக்கொண்டனர். பழைய நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் காத்துவரும் 'இணைய ஆவணக் காப்பகம்' 2012-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை இவ்வழியில் கிடைக்கச் செய்தது. பெரிய பணமோ பெரிய நிலையமோ இல்லாதவர்களும் பெரிய கோப்புகளை உலகுக்கு வழங்கலாம் என்ற நிலை இதனால் வந்தது.

ஆனால் கத்தி காய் நறுக்கவும் உதவும், கையை அறுக்கவும் உதவும். உரிமை பெறாத திரைப்படங்களும் பாட்டுகளும் இந்த வழியில் வெள்ளமாகப் பாய்ந்தன. சுவீடன் நாட்டில் 2003-இல் தோன்றிய 'பைரேட் பே' என்ற தளம் இதற்குப் பேர்போனது. 2006 மே 31-ஆம் நாள் போலீசார் அங்கே சோதனை நடத்திக் கருவிகளை அள்ளிச் சென்றனர். 2009 ஏப்ரல் 17-ஆம் நாள் அத்தளத்தோடு தொடர்புடைய நால்வருக்கு ஓராண்டுச் சிறையும், 3 கோடி குரோனர் இழப்பீடும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் மூவரின் சிறைக்காலம் குறைந்தது. இழப்பீட்டுத் தொகையோ கூடியது. தங்களிடம் ஒரு படம்கூட இல்லை, வழிதான் காட்டினோம் என்ற அவர்களுடைய வாதம் எடுபடவில்லை.

மலேசியாவிலும் 2011-ஆம் ஆண்டில் தொடர்பு பல்லூடக ஆணையம், 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, பத்துத் தளங்களைத் தடுக்கும்படி இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில், '3' என்ற திரைப்படம் முதலானவற்றைக் காக்கச் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த தடையாணையின் பேரில், இந்திய நிறுவனங்கள் பல தளங்களை முழுவதுமாக மூடின. குற்றமற்ற தளங்களும் அதில் மாட்டிக்கொண்டன. பிறகு, முழுத் தளத்தையும் அல்ல, குற்றமுள்ள பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. படம் எடுத்தவரின் உழைப்பையும் காக்க வேண்டும். நேர்மையாகப் பயன்படுத்துகிறவரின் வழியையும் அடைக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உலக நாடுகள் தடுமாறிய கதைதான் இது.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் ஒன்று உண்டு. "நான் வாங்கத்தானே செய்தேன்?" என்று மகன் சொல்லலாம். ஆனால் இந்த முறையில் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. உரிமை இல்லாத படத்தை இறக்கும்போதே அவனுடைய கணினி அதன் துண்டுகளைப் பிறருக்கும் வழங்கிக்கொண்டிருக்கிறது. மேலும், அந்தக் கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவருடைய இணைய முகவரியும் மற்றவர்களுக்குத் தெரியும். யாருக்கும் தெரியாமல் செய்கிறோம் என்ற நினைப்பு தவறு. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, கேள்வி முதலில் அவரிடம்தான் வரும்.

இனி, இறங்கிய கோப்பு வந்து தங்கும் இடத்தைப் பார்ப்போம். பிரௌசர் என்று சொல்லப்படும் உலாவி, தொடக்க காலத்தில் பெரும்பாலும் "எங்கே வைக்கட்டும்?" என்று கேட்டுவிட்டே கோப்பைச் சேமித்தது. 2008 செப்டம்பரில் வெளியான கூகுள் குரோம், கேட்காமலேயே 'டவுன்லோட்ஸ்' என்ற ஓர் உறையில் கொண்டுபோய்ப் போட்டது. 2022-இல் பயர்பாக்ஸ் உலாவியும் அதே வழிக்கு வந்தது. இது வசதிதான். ஆனால் கேட்காமல் உள்ளே வருவதில் ஆபத்தும் உண்டு. 2008-இல் சஃபாரி உலாவியில் ஒரு குறை வெளிப்பட்டது. ஒரு தீய பக்கத்தைத் திறந்தாலே போதும். உரியவரைக் கேட்காமல் கோப்புகள் வந்து திரையின் முகப்பில் குவிந்துவிடும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. ஆப்பிள் நிறுவனம் அடுத்த மாதம் அதைத் திருத்தியது.

பெயரைப் பார்த்து ஏமாறுவது இன்னொரு வகை. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' என்ற கிருமி, காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்தது. கோப்பின் பெயர் 'டி.எக்ஸ்.டி.' என்று முடிவதாகத் தோன்றும். அதற்குப் பின்னால் இருந்த உண்மையான வாலைக் கணினி மறைத்துவிட்டது. கடிதம் என்று நம்பித் திறந்த லட்சக்கணக்கானோரின் கணினிகள் கெட்டன. 2016 மார்ச்சில் நடந்தது அதைவிடத் திகைப்பானது. 'டிரான்ஸ்மிஷன்' என்ற நல்ல டோரண்ட் நிரலின் சொந்தத் தளத்திலேயே யாரோ நுழைந்து நச்சுப் பிரதியை வைத்துவிட்டனர். அதை நிறுவிய ஆப்பிள் கணினிகளில் மூன்று நாள் கழித்துக் கோப்புகள் பூட்டப்பட்டன. திறக்கப் பணம் கேட்கப்பட்டது.

நம் நாட்டிலும் அண்மை ஆண்டுகளில் இதே வித்தை வேறு வேடத்தில் வந்திருக்கிறது. கல்யாண அழைப்பிதழ் என்றும், வீடு துப்புரவு செய்யும் சேவை என்றும் சொல்லிக் கைப்பேசிக்கு 'ஏ.பி.கே.' என்று முடியும் கோப்பை அனுப்புகிறார்கள். அதை இறக்கி நிறுவியவர்களின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் பறிபோயிருக்கிறது. போலீசாரும் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். வியர்வை சிந்திச் சேர்த்த பணம் ஒரு விரல் தொடுதலில் போய்விடுகிறதே!

ஆகவே, தாய்மார்களே, பெரியோர்களே, வீட்டில் சில காரியங்களை இன்றே செய்து வைக்கலாம். முதலாவது, உலாவியின் அமைப்புப் பகுதியில் பதிவிறக்கம் என்ற பிரிவைத் திறந்து, ஒவ்வொரு கோப்புக்கும் "எங்கே வைக்கட்டும்?" என்று கேட்கும்படி மாற்றி வையுங்கள். அந்த ஒரு கேள்வி, கேட்காமல் வரும் கோப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். சஃபாரியில், இறங்கியவுடன் தானாகத் திறக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிடுங்கள். இரண்டாவது, விண்டோஸ் கணினியில் கோப்புப் பெயரின் வால் பகுதியும் தெரியும்படி செய்யுங்கள். படம் என்று வந்தது 'இ.எக்ஸ்.இ.' என்று முடிந்தால் அது படம் அல்ல, தொடாமல் அழித்துவிடுங்கள். மூன்றாவது, எந்த நிரலையும் அதைச் செய்தவரின் சொந்தத் தளத்திலோ கைப்பேசிக் கடையிலோ மட்டும் பெறுங்கள். செய்தியில் வந்த இணைப்பிலிருந்து பெறாதீர்கள். நான்காவது, பிள்ளைகள் டோரண்ட் நிரலை நல்ல காரியத்துக்கு வைத்திருந்தால், கொடுக்கும் வேகத்துக்கு ஓர் அளவு வையுங்கள். கணினி திறந்ததும் தானாக ஓடாதபடியும் பாருங்கள். இல்லாவிட்டால் மாதத்துக்கு வாங்கிய டேட்டா யாருக்கும் தெரியாமல் கரைந்துபோகும். ஐந்தாவது, மாதம் ஒருமுறை 'டவுன்லோட்ஸ்' உறையைத் திறந்து, வேண்டியதை எடுத்து வைத்து மற்றதைக் கழித்துவிடுங்கள். பணம் பறிபோனதாகச் சந்தேகம் எழுந்தால் கணமும் தாமதியாமல் உங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழையுங்கள்.

அபய் பூஷண் வழி வகுத்தார். கிறிஸ்டென்சன் சுமையைப் பிரித்தார். கோகென் அதை ஊரார் கையில் பகிர்ந்தளித்தார். பலர் கூடிச் சிறிது சிறிதாகச் சுமந்தால் பெரிய பாரமும் இலேசாகும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. கூடவே, வாசலுக்கு வருகிற எதையும் யார் கொடுத்தது என்று கேட்காமல் உள்ளே எடுத்து வைக்கலாகாது என்பதையும் காட்டுகிறது. இன்று மாலை பிள்ளை கணினி முன் அமரும்போது நீங்களும் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கிருந்து வருகிறது, யாருடையது, எங்கே வைக்கிறாய் என்று மூன்று கேள்விகளை அன்போடு கேளுங்கள். அவனுக்குத் தெரியாததை இருவரும் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம்.